தம்பி ஆற்றுக்குப் போன காரணம்

என் தம்பி பதினோராம் வகுப்பில் சேர்ந்த வருடம் சாமியாரானான். காவி கட்டவில்லை, வீட்டைவிட்டு ஓடவில்லை. மற்றபடி சாமியாருக்கு உண்டான லட்சணம் அத்தனையும் வந்துவிட்டது. விடியும் முன்பே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போவான். ஆற்றில் முங்கிக் குளித்து, உடுத்திருந்த வேட்டியைத் தானே அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வருவான். மெத்தையை விட்டான், தலையணையை விட்டான், வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தான். எங்களுடையது சைவக் குடும்பம். கறி, மீன், முட்டையை எல்லாம் முன்னோர்களே விட்டுவிட்டதால் அவன் விடுவதற்கு அதிகம் மிச்சமில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் விட்டான். அப்புறம் புளியை விட்டான்.

திருநெல்வேலியில் புளி இல்லாமல் என்னத்தைச் சமைப்பது? அம்மா அவனுக்காகத் தனியாகத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தாள். கல்யாண வீட்டில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற சொதி எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொதித்தது. அதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று, எம் பையனுக்குப் புளி ஆகாது, விரதம், என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு படி ஏறியிருக்கும்.

அதற்கு முந்தின வருடம்வரை அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத்தான் தெரியும். அவனை எழுப்ப அம்மா தொண்டை கிழியக் கத்துவாள். கிரிக்கெட் மட்டையோடு போனால் இருட்டிய பிறகுதான் வீடு. என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவான். அப்படிப்பட்டவன் ஒரே கோடை விடுமுறைக்குள் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, தரையில் படுக்க ஆரம்பித்தான். வேறு எந்தப் பையன் இப்படி மாறியிருந்தாலும் வீட்டில் என்ன ஏது என்று உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள். திருநீறு பூசிக்கொண்டு மாறினால் எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள், கும்பிடுவார்கள்.

அப்பா அப்போது ராதாபுரம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். காலையில் பஸ் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். அதிகம் பேசுகிறவர் இல்லை. பிள்ளைகளோடு பேச வேண்டியதைக்கூட அம்மா வழியாகச் சொல்லி அனுப்புகிற ரகம். அவரே தம்பியைப் பார்த்து ஒருநாள், தாத்தா நடை அப்படியே இவனுக்கு இருக்கு, என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. களக்காட்டில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒவ்வொரு தடவை வரும்போதும் தன் இரண்டு பையன்களையும் தம்பிக்கு முன்னால் நிறுத்தி, பாத்துப் படிங்கலே, என்பாள். அவன்கள் முழிப்பான்கள். நான் அவனைக் குட்டிச் சாமி என்று கூப்பிட்டுக் கேலி செய்வேன். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான்.

குளித்துவிட்டு வந்ததும் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று தேவாரம் பாடுவான். பிறகு தன் மேஜையில் வைத்திருக்கும் சின்னப் பித்தளைச் சம்புடத்தைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேலே ஒரு டம்ளர் பால் குடிப்பான். திருநீற்றைப் பூசிக்கொண்டு, துளி வாயிலும் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்தான். யார் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. அந்தச் சம்புடத்தைக் குளிக்காமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தான். அவன் பையையும் மேஜையையும் நாள்தோறும் துழாவிச் சுத்தம் பண்ணுகிற அம்மா, அதைமட்டும் தொடாமல் சுற்றிலும் துடைப்பாள்.

தை மாதம் அவன் முகம் உப்பியது. அம்மா அதைக் களை என்றாள். பாலில் அரைத்துப் போடுகிற பாதாம் உடம்பில் பிடிக்கிறதாம். அத்தை ஒரு படி மேலே போய், ஜெபம் பண்ணுதவங்க மொகம் அப்பிடித்தான் தெளிஞ்சு வரும், என்றாள். செருப்பு வார் காலில் பதிந்து தடம் விழுந்ததை நான் பார்த்துச் சொன்னபோது புதுச் செருப்பு என்று சொல்லிவிட்டான். சில வாரங்களில் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினோம்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அதைச் சொன்ன டாக்டரம்மா அம்மாவின் வயதுக்காரர். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம், சத்துப் பவுடர், ஏதாவது சாப்பிட்டாயா என்று தம்பியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் இல்லை, இல்லை என்று தலையாட்டினான். அப்பாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. எங்க பையன் புளிகூடத் தொட மாட்டான் டாக்டர், என்றார். டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டுவிட்டு, தம்பியின் அந்தச் சம்புடத்தையே முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அவன் கையால் பூஜை பண்ணின திருநீறு அல்லவா, அதற்குத்தான் சக்தி அதிகம் என்று அவள் கணக்கு. கட்டில் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்து, அவன் நெற்றியில் இழுத்துவிட்டாள். ஒரு சிட்டிகை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அம்மா மறுபடியும் கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டான். வெள்ளைப் போர்வையில் சாம்பல் நிறமாகக் கொட்டியது.

அம்மா அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். பிள்ளைக்குச் சாமிமேலேயே கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் போர்வையில் கொட்டிக் கிடந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து திருநீற்றோடு வளர்ந்தவள் நான். திருநீறு விரலில் மாவாக ஒட்டும், அதற்கென்று ஒரு மணம் உண்டு. இதில் மணம் இல்லை. கனமாக, ஈரமணல் மாதிரி நறநறத்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, அம்மாட்ட சொல்லாதக்கா, என்றான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல், போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். தூங்கும்போது அவனுக்குத் தானாகவே போய்விடுகிறது, மூத்திரம் இல்லை. காலையில் எழுந்தால் உடுப்பு நனைந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் அது ஒரு வியாதி என்று போட்டிருந்தது. போனில் தேடினான். ஒரு வீடியோ பார்த்ததும் அதே மாதிரி நூறு வீடியோ தானாக வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் யாரோ ஒரு தாடிக்காரர், இளமையில் கவனிக்காவிட்டால் நரம்பு வற்றிவிடும், கண் மங்கும், கல்யாணம் பண்ண முடியாது, குழந்தை பிறக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு மாதத்தில் ஒருநாள் ஒரு வைத்தியர் வருகிறார் என்று அதே நோட்டீசில் இருந்ததைப் பார்த்துப் போய்விட்டான். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அவ்வளவுதான் தம்பி, என்றாராம். பொடியைக் கொடுத்தவர் அவர்தான். புளியை நிறுத்தச் சொன்னதும், தரையில் படுக்கச் சொன்னதும் அவர்தான். விடியும் முன்னே ஆற்றுக்குப் போனது மட்டும் அவன் சொந்த யோசனை. நனைந்த வேட்டியை அம்மா பார்ப்பதற்குள் அலச வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது போயிருந்தால் தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவர்கள் தெரிந்தவர்கள். அப்பாவோடு கோயிலில் நின்று பேசுகிறவர்கள். அதனால்தான் அவன் ஊர் தெரியாத, பேர் தெரியாத ஆளைத் தேடிப் போனான். அதற்கான பணத்தை எப்படிப் புரட்டினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது வியாதியா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் இன்னும் பெரிய கோபம். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸம்மா வந்து பேசுவார். அன்றைக்குப் பெண்பிள்ளைகளை ஹாலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிடுவார்கள். உள்ளே நாங்கள் நாப்கின் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, வெளியே அவன்கள் பந்தடித்துக் கத்துகிற சத்தம் கேட்கும். அவன்களுக்கு அது கூடுதலாகக் கிடைத்த விளையாட்டுப் பீரியட். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது, வீட்டில் வாசிச்சுக்கிடுங்க, பரீட்சைக்குப் படம் மட்டும்தான் கேப்பாங்க, என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார்கள்.

நான் பெரியவளானபோது நடந்ததை நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று உயிரே போகிறது என்று பயம். குளியலறையில் நின்று அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, என் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, "பயப்படாதட்டி, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றாள். அவ்வளவுதான் என் பாலியல் கல்வி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கூத்து. உளுந்தங்களி கிண்டினார்கள், மாமா சேலை எடுத்து வந்தார், தெருவுக்கே தெரிந்துபோய் நான் ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கூசிக் கிடந்தேன். அந்தச் சடங்கின்மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்தது. என் தம்பிக்குக் கிடைக்கவில்லை. பையனுக்கு அப்படி ஒரு நாளே எங்கள் வீடுகளில் கிடையாது. மீசை அரும்புவதை மட்டும் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் இருந்தான். என்னைவிட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். சம்புடத்தை அவன் கையில் கொடுத்து, நடைபாதையில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காது சிவந்துவிட்டது. பிறகு, வளர்கிற பையன்கள் எல்லாருக்கும் இது நடப்பதுதான், உடம்பு சரியாக வளர்கிறது என்று அர்த்தம், இதற்கு மருந்தும் கிடையாது, மருந்து தேவையும் இல்லை என்றான். நான், மருந்தே தேவையில்லையா என்று திரும்பவும் கேட்டேன். ஒண்ணும் தேவையில்லை, என்றான். இல்லாத வியாதிக்கு மருந்து தின்று என் தம்பி படுத்திருக்கிறான்.

பொடியில் பாதரசமும் ஈயமும் இருந்ததாகப் பரிசோதனையில் வந்தது. டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, அது என்ன மாதிரிப் பொடி, எதற்காகத் தின்றான் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அம்மா புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். மறுநாள் அவர் ஒருவராக ஜங்ஷனுக்குப் போய் அந்த லாட்ஜில் விசாரித்திருக்கிறார். அவரு இப்ப வாறதில்ல அண்ணாச்சி, என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நோட்டீசில் இருந்த போன் எண்ணும் அணைந்து கிடந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அதில் ஒன்றும் நடக்கவில்லை.

பயிற்சி டாக்டர் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, எனக்குச் சொன்னதையே அவனுக்கும் பொறுமையாகச் சொன்னான். தனக்கும் அந்த வயதில் நடந்ததுதான் என்றுகூடச் சொன்னான். தம்பி கவனமாகக் கேட்டுக்கொண்டான், சரி சார் என்றான். டாக்டர் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"நான் பயப்படக் கூடாதுன்னு அவரு சும்மா சொல்லுதாருக்கா."

"சும்மா ஒண்ணும் சொல்லல லே. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"எல்லாருக்கும்னா அப்பாவுக்குமா?"

ஆமா, என்று உடனே சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும், என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் தலையணையைச் சரிபண்ணினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா விடிவதற்கு முன் குளித்து, திருநீறு பூசி, சத்தமில்லாமல் வேலைக்குப் போய்வந்து, ஒரு தப்பும் செய்யாமல் வாழ்கிற மனுஷன். அவனுக்கு அவர்தான் சுத்தத்துக்கு அளவு. தன்னை மட்டும் ஏதோ அசிங்கம் பிடித்துக்கொண்டது என்று நினைத்திருக்கிறான். அதை டாக்டர் தீர்க்க முடியாது, அக்கா தீர்க்க முடியாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு மகள் தகப்பனிடம் இதைப் பேசுவது எங்கள் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் நடந்திருக்காது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை, அப்பாவுக்குமா என்று கேட்கிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவான் என்றேன். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். சரிம்மா என்றார்.

அந்தச் சரிம்மாவை நம்பி நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

வாரத்தில் சில நாள் தம்பிக்கு டயாலிசிஸ். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் மிஷினில் சுத்தமாகித் திரும்பி வரும். அப்பா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். அத்தனை நாளும் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டினார். மணிமுத்தாறு அணையின் நீர்மட்டத்தில் தொடங்கி வரிவிளம்பரம்வரை வாசிப்பார். இடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "லே..." என்று ஆரம்பிப்பார். தம்பி திரும்பிப் பார்ப்பான். அவன் கண்ணில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, குளிருதா, ஃபேனைக் குறைக்கச் சொல்லட்டுமா, என்று கேட்பார். வேண்டாம்ப்பா, என்பான். பேப்பர் மறுபடியும் விரியும். நான் கதவுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். ஆற்றில் மூச்சுமுட்ட முங்கிக் கிடந்தவனுக்கு நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் அனுமதி. சொதியும் கிடையாது, தேங்காய்ப்பால் ஆகாது. அம்மா உப்பில்லாத சோற்றைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் அழுவாள். அவள் தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதாகச் சொன்னாள். சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாவுடையதைச் சோதித்தார்கள். பொருந்தியது. அன்று அப்பா முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன். உடம்பிலிருந்து ஒரு பாகத்தை அறுத்துக் கொடுக்க அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. ஒரு வாக்கியம்தான் வர மாட்டேன் என்றது.

அந்த வாரத்தில் ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, பைய வெளிய போயி டீ குடிச்சிட்டு வாம்மா, அம்மாவையும் கூட்டிட்டுப் போ, என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். இன்னொன்றும் சொன்னேன். ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றினோம். திரும்பி வந்தபோது அப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பேசினாரா, என்று கண்ணாலேயே கேட்டேன். அவன் மெதுவாகச் சிரித்தான்.

"பேசினாருக்கா. என்ஜினீயரிங்ல மெக்கானிக்கல் நல்லதா சிவில் நல்லதான்னு பேசினாரு."

அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. அப்பாவுக்காக அவன்தான் வருத்தப்பட்டான். விடுக்கா, அவர என்ன செய்யச் சொல்லுத, என்றான். அப்பாமேல் எனக்கிருந்த கோபத்துக்கு அன்று அளவில்லை.

ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் பாதி முடிந்திருந்தன. ஐப்பசி மழை ஆரம்பித்தது. ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறைக் கோயிலை எப்போதும்போல் மூழ்கடித்தது. அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. குழாய் செருகின இடத்தில் கிருமி புகுந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் காலை, அப்பா பேப்பர் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, என் தம்பி போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மா யாரிடமும் உண்மையைச் சொல்ல விடவில்லை. கிட்னி கோளாறு, அவ்வளவுதான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வயசுல அப்பேர்ப்பட்ட பக்தி இருந்தா சாமி நம்மகிட்ட விட்டுவைக்காது, என்று அழுதாள். அவள் மனதாரச் சொன்னாள், எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. சட்டம் போடுவதற்குப் படம் தேடினார்கள். கிரிக்கெட் மட்டையோடு வாயெல்லாம் பல்லாக ஒரு படம் இருந்தது. நான் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை ஒதுக்கிவிட்டு, மார்கழித் திருவாதிரைக்கு நெற்றியில் பட்டை போட்டு நின்ற படத்தைக் கொடுத்தாள். அதில் முகம் லேசாக உப்பியிருந்தது.

அதற்குப் பிறகு நானும் அப்பாவும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவர் ராதாபுரம் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்வந்தார். காலையில் திருநீறு பூசுவதை நிறுத்திவிட்டார். அம்மா கேட்டதற்கு, நெற்றியில் அரிப்பு என்றார்.

போன வருடம் அவனுக்கு முதல் திதி கொடுத்தோம். நெருங்கிய சொந்தம் மட்டும்தான். ஓதுவார் பாடிவிட்டுப் போனார். கூடத்தில் பந்தி போட்டு, ஆண்கள் முதலில் உட்கார்ந்தார்கள். அப்பா கடைசியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தையின் பையன்கள் இரண்டு பேர். மூத்தவனுக்குக் குரல் உடைந்திருந்தது. நான் சோறு போட்டுக்கொண்டு வந்தேன், அத்தை பின்னால் குழம்போடு வந்தாள். பையன்களின் இலைக்கு முன்னால் நின்று, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். விடியங்காட்டி எந்திரிச்சு ஆத்துக்குப் போவான் எங்க அண்ணன் மகன், பாத்துப் படிங்கலே, இருந்தா அவன மாதிரி இருக்கணும்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. நிமிராமல், இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவன் பக்தியில ஆத்துக்குப் போகலம்மா. பயத்துல போனான். தூக்கத்துல தானாப் போகுதே, இது என்ன வியாதியோன்னு பயந்து, எவனோ கொடுத்த விஷத்தத் தின்னான். எனக்கும் அந்த வயசுல அப்படிப் போச்சு. நானும் பயந்தேன். கல்யாணம் ஆகுற வரைக்கும் பயந்தேன். அது வியாதி இல்லலே, எல்லாருக்கும் உள்ளதுதான்."

கடைசி வாக்கியத்தைப் பையன்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அடுக்களை வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றாள். அத்தையின் கையில் கரண்டி சாய்ந்து குழம்பு தரையில் சொட்டியது. மூத்த பையன் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். நெடுநாள் சுமந்த எதையோ இறக்கி வைத்தவன் முகம் அது. அந்த முகத்தைத்தான் நான் ஒன்பது மாதம் ஒரு கட்டிலில் எதிர்பார்த்து நின்றேன்.

அப்பா சாப்பிடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். கையை நீட்டியபடியே நின்றார். அப்புறம் என்னிடம், படத்தில் இருக்கிறவனுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு டீ குடிக்க உங்கள அனுப்பினேன்லாம்மா. அவன்கிட்ட நான் பேசினேன்னு நெனச்சுத்தான் நீ திரும்பி வந்தியோ?"

ஆமாப்பா, என்றேன். செம்பில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அவர் கை இன்னும் நீண்டிருந்தது.